குழிக்கு முன்னால் நின்ற பந்து

கோல்ஃப் ஆட்டத்தில் தூரமாக அடிப்பதற்கு எனக்குப் பயம் இருந்ததே இல்லை. பந்து லாலான் புல்லுக்குள் போனாலும் ஓடைக்குள் விழுந்தாலும் சிரித்துக்கொண்டே தேடப் போவேன். குழிக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் எனக்கு வியர்க்கும். மூன்றடி, நான்கடி தூரம்தான் இருக்கும். புல்லை ஒட்ட வெட்டி வழவழவென்று வைத்திருக்கிற தரையில் பந்தை உருட்டிக் குழிக்குள் விட வேண்டும். அந்த வேலையை ஒன்றரை வருஷம் போல என்னால் செய்ய முடியாமல் போயிற்று. மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வருவதற்குக் கொஞ்சம் முன்னால் தொடங்கியது, வந்த பிறகும் விடவில்லை.

அப்போது நான் மலாக்காவில், பண்டார் ஹிலிர் பகுதியில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா. வயது இருபத்தொன்பது. கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. காஜா பேராங்கில், கம்போங் செட்டிக்குப் போகிற சந்துக்குப் பக்கத்தில் ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம்.

கோல்ஃப் மைதானம் ஊருக்கு வெளியே, புக்கிட் பாருவைத் தாண்டி ரப்பர் மரங்களுக்கு நடுவில் இருந்தது. ஒன்பது குழிகள்தான். அதுவரைக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு அந்த வேலிக்கு உள்ளே இடமில்லை. வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கப்பலேறத் தொடங்கியதும் ஆட்டத்துக்கு ஆள் பற்றாமல் போனது. எங்கள் அலுவலகத் துரை ஒரு சனிக்கிழமை என் மேசைக்கு வந்து, பள்ளியில் நான் ஹாக்கி ஆடியதை எப்படியோ தெரிந்துகொண்டு, "வருகிறாயா?" என்று கேட்டார். போனேன். ஹாக்கி மட்டை பிடித்த கைக்குக் கோல்ஃப் மட்டை சீக்கிரமே பழகிவிட்டது. முதல் இரண்டு மாதம் குழிக்குப் பக்கத்திலும் நான் யோசித்ததே கிடையாது. போவேன், தட்டுவேன், உள்ளே விழும், இல்லாவிட்டால் விழாது.

ஒரு நாள் கடைசிக் குழியில் இரண்டடிப் பந்தைத் தவறவிட்டேன். துரையும் நானும் ஒரே பக்கம் ஆடிய ஆட்டம் அது. அதனால் அவரும் தோற்றார். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. தோளில் கை வைத்து இங்கிலீஷில் அன்பாகத்தான் சொன்னார்: "அவசரப்பட்டுவிட்டாய். அடுத்த தடவை நிதானமாகப் பார்த்து அடி."

அடுத்த வாரம் நிதானமாகப் பார்த்தேன். பந்துக்குப் பின்னால் குந்திப் பார்த்தேன். எதிர்ப்பக்கம் போய்ப் பார்த்தேன். தரை இடது பக்கம் சரிகிறதா, புல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, காலையில் பெய்த மழையின் ஈரம் பந்தைப் பிடிக்குமா என்றெல்லாம் யோசித்தேன். பந்து உள்ளே விழுந்தது. அதுதான் எனக்குக் கேடாய் முடிந்தது. யோசித்ததால்தான் விழுந்தது என்று நம்பிவிட்டேன். அதற்கடுத்த வாரம் இன்னும் கூடுதலாக யோசித்தேன்.

இரண்டு மூன்று மாதத்தில் நிலைமை மாறிவிட்டது. பந்தின் முன்னால் போய் நின்றால் மட்டை நகராது. இடது பக்கம் கொஞ்சம் தள்ளி அடிக்கலாம் என்று முடிவுசெய்வேன். உடனே உள்ளே ஒரு குரல், இல்லை, நேராகவே போகும் என்னும். சரி நேராக என்று பாதத்தை மாற்றி வைப்பேன். மெதுவாக அடித்தால் நின்றுவிடும் என்று தோன்றும், வேகமாக அடித்தால் தாண்டிப்போகும் என்று தோன்றும். கடைசியில் எதையும் முடிவுசெய்யாமலே கை நகரும். மட்டை பந்தைத் தொடும் கணத்தில் வலது மணிக்கட்டு வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும். பந்து பாதி வழியில் நின்றுவிடும்.

துரை ஊருக்குப் போகும்போது தன் பழைய மட்டைகள் ஐந்தை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அவர் போய்விட்டார், அவர் சொன்ன வார்த்தை மட்டும் என்னிடமே தங்கிவிட்டது.

வீட்டில் பயிற்சி செய்தேன். சிமெண்டுத் தரையில் பழைய பாய் ஒன்றை விரித்து, காலிப் பால் டின்னைப் படுக்க வைத்து, ஆபீஸ் விட்டு வந்ததும் பந்தை உருட்டுவேன். குழிக்குப் பக்கத்தில் அடிக்கிற மட்டைக்குப் பட்டர் என்று பெயர் என்று சொன்னபோது என் மனைவி, "ரொட்டியில தடவுறதா, கோயில்ல பூசை பண்றவரா?" என்று கேட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அதிக நாள் நீடிக்கவில்லை. சமையல்கட்டில் வேலையாக இருப்பவளுக்கு என் காலடிச் சத்தம் கேட்கும், பாய் சரசரப்பது கேட்கும். பிறகு ஒன்றும் கேட்காது. அவள் கரண்டியும் கையுமாக எட்டிப் பார்ப்பாள்.

"என்னங்க, அடிச்சிட்டீங்களா இல்லியா? சத்தமே வரலியே."

"இரு, பாத்துக்கிட்டிருக்கேன்."

"எத பாக்கிறீங்க? அதே பாய், அதே டின்னுதானே லா."

அவள் கேட்டது நியாயம்தான். 

அந்த நோய் மட்டையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஆபீஸில் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டுவேன். சரியான கடிதத்தைத்தான் போட்டேனா என்று சந்தேகம் வரும். ஆவி காட்டிப் பிரிப்பேன். சரியாகத்தான் இருக்கும். மறுபடி ஒட்டுவேன். சைக்கிளைப் பூட்டிவிட்டுப் பத்தடி நடந்து, திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பேன்.

குடியுரிமை ஃபாரமும் அந்தச் சமயத்தில்தான் வந்தது. நான் இந்தியாவில் பிறந்தவன். நாலு வயதில் அப்பாவோடு இங்கே தோட்டத்துக்கு வந்தேன். மனைவி மலாக்காவிலேயே பிறந்தவள், அவளுக்கு எந்தச் சிக்கலும் இல்லை. என்னைப் போன்றவர்கள் எழுதிக்கொடுத்துப் பதிய வேண்டும். மெர்டேக்காவுக்குப் பிறகு கொஞ்ச காலத்துக்கு மலாய்ப் பரீட்சைகூட இல்லாமல் கொடுக்கிறார்கள் என்றார்கள். ஊரிலிருந்த அண்ணன், "இனி அங்கே உனக்கு என்ன இருக்கிறது, வந்துவிடு" என்று எழுதியிருந்தார். போகிற எண்ணம் எனக்கு இல்லை. ஆனாலும் ஃபாரத்தை நிரப்பி, கையெழுத்து மட்டும் போடாமல் மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டேன். வாரத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பார்ப்பேன், உள்ளே வைப்பேன்.

"போறதுன்னா போறேன்னு சொல்லுங்க, நானும் சட்டி பானையைக் கட்டுறேன்," என்றாள் மனைவி. "இருக்கிறதுன்னா இருக்கேன்னு சொல்லுங்க. ரெண்டுமில்லாம அது லாச்சியில கெடந்து கரப்பான் அரிக்குது."

கடைசி நாள் நெருங்கியபோது என் நண்பன்தான் என்னைச் சைக்கிளில் கூட்டிக்கொண்டு போனான்.

அவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் எங்கள் ஆபீஸிலேயே வேறு பிரிவில் இருந்தான். கம்போங் செட்டிக்காரன், பல தலைமுறைக்கு முன்னால் இங்கே வந்து தமிழையே மறந்துபோன செட்டிகளின் வம்சம். என் வயதுதான். காலையில் நெற்றியில் திருநீறோடு வருவான். பேச்சு முழுக்க மலாய். எங்கள் தமிழிலிருந்து சில சொற்கள் மட்டும் அதில் அங்கங்கே கிடக்கும். நானும் அவனோடு மலாயில்தான் பேசுவேன். இங்கே அவன் பேசியதைத் தமிழாக்கி எழுதுகிறேன். என்னைக் "காவான்" என்றுதான் கூப்பிடுவான், மலாயில் கூட்டாளி என்று அர்த்தம். கோல்ஃப் மைதானத்துக்கு என்னைப் பார்த்துத்தான் அவனும் வந்தான்.

பதிவு ஆபீஸில் கையெழுத்துப் போடுகிற நேரத்தில் எனக்கு அதே நோய் வந்தது. பேனா முனை காகிதத்தைத் தொட்டதும் மணிக்கட்டு இழுத்துக்கொண்டது. இரண்டு இடத்தில் போட வேண்டும். ஜன்னலுக்குப் பின்னாலிருந்த அதிகாரி இரண்டையும் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இரண்டு கையெழுத்தும் ஒரே ஆள் போட்டதா?" என்றார்.  கள்ளக் கையெழுத்து என்று எழுதிவிடுவாரோ, வேலை போய்விடுமோ, ஜெயிலோ என்று எனக்குள் என்னென்னவோ ஓடியது. வேறு ஃபாரம் கொடுத்தார். அதையும் வெறித்துக்கொண்டு நின்றேன். பின்னாலிருந்த வரிசை முணுமுணுத்தது. வெளியே சைக்கிளோடு நின்ற நண்பன் கதவு வழியாகத் தலையை நீட்டி, "காவான், சுடா?" என்று கத்தினான். முடிந்ததா என்று கேட்டான். அந்தச் சத்தத்தில் திடுக்கிட்டு இரண்டு கையெழுத்தையும் போட்டுவிட்டேன். இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. வெளியே வந்தபோது என் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. எதை முடிவுசெய்தேன் என்றுகூட உறைக்கவில்லை. தப்பித்தோம் என்ற எண்ணம் ஒன்றுதான் இருந்தது.

இதெல்லாம் நடந்த சில வாரங்களில் எங்கள் ஆபீஸுக்கும் தோட்ட மேனேஜர்களுக்கும் ஒரு போட்டி ஏற்பாடானது. துரையின் இடத்துக்கு வந்த புது அதிகாரி மலாய்க்காரர். மலாயில் ஐயா என்கிற மாதிரி இன்சே என்போம். மெல்லிய குரல்காரர், ஆனால் ஆட்டத்தில் தோற்பது அவருக்குப் பிடிக்காது. மேனேஜர்கள் பெரும்பாலும் இன்னும் வெள்ளைக்காரர்கள்தான். நாடு நம் கைக்கு வந்த பிறகு அவர்களோடு ஆடுகிற முதல் ஆட்டம் என்பதால் இன்சே அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டிருந்தார். அறிவிப்புப் பலகையில் என் பெயரையும் நண்பன் பெயரையும் ஒரே வரியில் பார்த்தேன். அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஜோடி ஆட்டம். இரண்டு பேருக்கு ஒரே பந்து. ஒருவர் அடித்த இடத்திலிருந்து மற்றவர் அடிக்க வேண்டும், மாற்றி மாற்றி. எந்த ஜோடி குறைந்த அடியில் பந்தைக் குழியில் போடுகிறதோ அந்தக் குழி அவர்களுக்கு. ஒன்பது குழிகளையும் இரண்டு சுற்று ஆட வேண்டும்.

நண்பன் குழிக்குப் பக்கத்தில் அடிப்பதைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருக்கும். நடந்து வரும்போதே தரையைப் பார்த்துக்கொள்வான். பந்தருகே வந்து நின்றானென்றால் ஒரு மூச்சுக்குள் அடித்துவிடுவான். அவனும் தவறவிடுவான், என்னை விடக் குறைவாக என்று சொல்ல முடியாது. ஆனால் அவன் தவறவிட்ட பந்து குழியைத் தாண்டிப்போய் நிற்கும். என்னுடையது குழிக்கு இந்தப் பக்கமே செத்துக் கிடக்கும்.

போட்டியன்று மத்தியானம் மேகம் மூடியிருந்தது. எங்களோடு ஆடிய இரண்டு மேனேஜர்களும் மரியாதைக்காரர்கள். ஒருவர் கழுத்தெல்லாம் வெயிலில் சிவந்த பெரியவர், பைப் புகைப்பார். மற்றவர் இளையவர். முதல் ஐந்து குழிகளில் நண்பன் தூரமாக அடித்தான், நானும் தூரமாக அடித்தேன், குழிக்குப் பக்கத்தில் வரும் முறையெல்லாம் அதிர்ஷ்டவசமாக அவனுக்கே அமைந்தது, கணக்கும் சமமாகவே இருந்தது. ஆறாவது குழியிலிருந்து அந்த முறை எனக்கு வந்தது. ஆறில் பாதி வழியில் நிறுத்தினேன். ஏழில் நாலடித் தூரம். குனிந்தேன், நிமிர்ந்தேன், சுற்றிப் போனேன், திரும்ப வந்தேன். பெரியவர் பைப்பில் புகையிலை அடைத்து, தீக்குச்சி கிழித்து, பற்றவைத்து, குச்சியை உதறிப் பையில் போட்டார். அவ்வளவு நேரமும் நான் பந்தின்மேல் குனிந்தபடியே நின்றிருந்தேன். தீக்குச்சியின் வாசனை வந்தது. அடித்தேன். பந்து ஒரு முழம் முன்னாலேயே நின்றுவிட்டது. அடுத்த குழியிலும் அப்படியே. மூன்று குழிகள் அவர்களுக்குப் போயின.

முதல் சுற்று முடிந்து இரண்டாவது சுற்றுக்குப் போகும்போது, மற்றவர்கள் முன்னே நடக்க, நண்பன் என் கையைப் பிடித்து ரப்பர் மரத்தடியில் நிறுத்தினான். அவன் கோபப்பட்டு நான் அதுவரை பார்த்ததில்லை.

"காவான், அந்தப் பந்து உன்னுடையது மட்டுமா?"

நான் மட்டையில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டேன்.

"நீ தாண்டி அடித்தால் நான் திரும்பி வந்து போடுவேன். எனக்கு அதில் ஒரு சூசாவும், ஒரு கஷ்டமும் இல்லை. நீ குழிக்கு முன்னாலேயே நிறுத்திவிடுகிறாய். அது தப்பினதும் இல்லை, விழுந்ததும் இல்லை. நீ அடிக்கவே இல்லை. நான் இங்கே என்னத்துக்கு நிற்கிறேன்?"

"என்னால் முடியவில்லை. கை வர மாட்டேன் என்கிறது."

"கையை விடு. அடிக்கப் போகிறாயா இல்லையா, அதைச் சொல்."

அவன் எனக்குக் கற்றுத்தர வந்து சொன்னதில்லை அது. எரிச்சலில் சொன்னது. சொன்னவுடனே அவனுக்கே சங்கடமாகிவிட்டது. என் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வேகமாக நடந்தான்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பத்தாவது குழியில் பந்துக்கருகே போனதும் எதையும் பார்க்காமல் படாரென்று அடித்தேன். பந்து குழிக்கு வெகு வலப்பக்கமாக ஓடியது. நண்பன் போய்த் திரும்ப அடித்து அந்தக் குழியைச் சமமாக்கினான். அவசரமாக அடிப்பது வேறு, முடிவுசெய்து அடிப்பது வேறு என்பது எனக்கு அந்தக் குழியில்தான் புரிந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு ஓடியிருந்தேன், அவ்வளவுதான்.

பதினொன்றில் வேறு மாதிரி செய்தேன். பந்துக்குப் பின்னால் நிற்கும்போதே, எவ்வளவு யோசிக்க வேண்டுமோ அவ்வளவையும் யோசித்து, இந்த வழி என்று ஒன்றை எடுத்தேன். வழியில் ஒரு பழுத்த புல் இதழ் கிடந்தது. அதன்மேல் பந்து போக வேண்டும். பிறகு பந்தருகே வந்து நின்றேன். உடனே உள்ளே அந்தக் குரல் வந்தது, இன்னும் கொஞ்சம் இடது பக்கம் என்றது. அது சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் இனிமேல் கேட்பதில்லை என்று அடித்துவிட்டேன். உள்ளே விழவில்லை, ஓரத்தைத் தொட்டுக்கொண்டு தாண்டிப்போனது. நண்பன் திரும்ப அடித்து உள்ளே போட்டான். எங்களைப் பார்த்துப் பெரியவர் தலையை ஆட்டினார்.

பயம் குறையவில்லை. பதின்மூன்றிலும் பதினைந்திலும் என் தொடை நடுங்கியதை நிக்கருக்குள் உணர்ந்தேன். நடுக்கத்தோடேயே அடித்தேன். பதின்மூன்றில் பந்து குழிக்குள் விழுந்து டொக்கென்று ஒரு சத்தம் வந்தது. என் அடியில் எத்தனையோ மாதங்களாக நான் கேட்காத சத்தம். பதினைந்திலும் நாங்கள் ஜெயித்தோம். பதினாறில் நண்பன் தூரத்திலிருந்து அடித்த பந்து கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது, நான் சும்மா தட்டி உள்ளே விட்டேன், அந்தக் குழியும் எங்களுக்கு. பதினேழு யாருக்கும் இல்லாமல் போனது. கடைசிக் குழிக்கு வரும்போது இரண்டு பக்கமும் சமம். மற்ற ஜோடிகளெல்லாம் முடித்துவிட்டு, இன்சே உட்பட, கடைசிக் குழியைச் சுற்றி நின்றார்கள். மற்ற ஜோடிகளின் கணக்கும் சமமாக முடிந்து, போட்டியே எங்கள் ஆட்டத்தில்தான் நின்றதாம். அதை அப்போது யாரும் எனக்குச் சொல்லாதது நல்லதாயிற்று.

மேனேஜர்கள் ஐந்து அடியில் முடித்துவிட்டார்கள். எங்களுக்கு மூன்று அடியில் பந்து குழியருகே வந்திருந்தது. எட்டடித் தூரம். முறை என்னுடையது. போட்டுவிட்டால் ஜெயம். தவறவிட்டால், அடுத்ததை நண்பன் போட்டால்தான் சமம்.

மெல்லத் தள்ளிக் குழியருகே நிறுத்தினால் நண்பனுக்குச் சுலபம், யாரும் குறை சொல்லமாட்டார்கள் என்று தோன்றியது. அது புத்திசாலித்தனமாகவும் தெரிந்தது. ஆனால் அந்த யோசனை எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். ஒன்றரை வருஷமாக அது அந்த வேஷத்தில்தான் வந்துகொண்டிருந்தது. நண்பனைப் பார்த்தேன். அவன் மழை வருமா என்று மேகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஒரு வழியை எடுத்தேன். வலப்பக்கம் ஒரு சாண் தள்ளி. போய் நின்றேன்.  குழிக்குள் போடவே அடித்தேன்.

பந்து நான் நினைத்த வழியில்தான் போனது. குழியின் பின்விளிம்பில் மோதி, சின்னதாக எம்பி, அப்பால் உருண்டது. நிற்கும் நிற்கும் என்று பார்த்தேன். நாலடி தள்ளிப் போய்த்தான் நின்றது. யாரோ உச்சுக்கொட்டினார்கள். 

நண்பன் அதற்குள் நடந்து போயிருந்தான். நான் கும்பிடலாமா என்று நினைக்கிற நேரத்துக்குள் நின்றான், அடித்தான். டொக்.

ஆட்டம் சமம். இன்சே என்னிடம் வந்து மெல்லிய குரலில், "அவ்வளவு பலமாக அடித்திருக்க வேண்டாமே, பக்கத்தில் கொண்டுபோய் வைத்திருக்கலாம்," என்றார். "ஆமாம் இன்சே," என்றேன். அவர் சொன்னது சரிதான். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் நான் அடிக்கவில்லை என்று யாராலும் சொல்ல முடியாது. மழை வந்துவிட்டது. கொட்டகையில் ஒதுங்கியபோது நண்பன் தலையைத் துவட்டிக்கொண்டே, "நாலடி விட்டாய், போதும். ஆறடி விட்டிருந்தால் நானும் வியர்த்திருப்பேன்," என்றான். இருவரும் சிரித்தோம். 

நோய் அதோடு ஓடிப்போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். அதன்பின்னும் சில வாரம் நன்றாகப் போகும், சில வாரம் பந்தின்மேல் சிலையாக நிற்பேன். ஆனால் அந்த நிற்பதை என்னால் நிறுத்த முடியும் என்று தெரிந்துகொண்டேன். பின்னால் நிற்கும்போது யோசி, முன்னால் வந்தால் அடி. வேறு எந்த வித்தையும் எனக்குக் கடைசி வரை பிடிபடவில்லை.

மறு வருஷப் போட்டிக்கு இன்சே பட்டியல் ஒட்டினார். நண்பன் பெயர் இருந்தது, பக்கத்தில் என் பெயருக்குப் பதில் வேறொருவர் பெயர். நியாயம்தான் என்று நினைத்தேன். கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது, அதைவிடக் கொஞ்சம் அதிகமாக வலித்தது. மத்தியானத்துக்குப் பிறகு மறுபடி பலகையைக் கடந்தபோது, அந்தப் பெயர் மையால் அடிக்கப்பட்டு, மேலே இன்சேயின் சின்ன எழுத்தில் என் பெயர் எழுதப்பட்டிருந்தது. நண்பன் உள்ளே போய் என்ன சொன்னான் என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அங்கேயே நின்று அதை இரண்டு தடவை படித்தேன். உள்ளங்கை வியர்க்கத் தொடங்கியது.